பீங்கான் தலையும் நிக்கல் தலையும்

நிக்கல் நல்லதா, பீங்கான் நல்லதா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். கையில் ஓர் அட்டவணையோடு வருவார்கள். எதில் விசை அதிகம், எது வேகமாகத் துடிக்கும், எது மின்சாரம் குறைவாகத் தின்னும் என்று கட்டம் கட்டி வைத்திருப்பார்கள். கேட்டுத் தொலையட்டும், எனக்கென்ன. ஆனால் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள் பாருங்கள்: "சார், நீங்க ரெண்டையும் கையில வெச்சு வேலை செஞ்சவராச்சே, உங்க அனுபவத்துல எதை நம்பலாம்?" என் அனுபவமாம்! அதை எழுத வேண்டுமானால் அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து என்னையும் அதில் போட வேண்டும். அப்புறம் அந்த மூன்றில் எதை நம்பக் கூடாது என்று அவர்களே தெரிந்துகொள்ளலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைக் கொடுத்து ஒரு பொருளைத் துடிக்க வைத்து, அந்தத் துடிப்பைக் கல்லுக்குள்ளோ இரும்புக்குள்ளோ அனுப்ப வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் எங்கள் கையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நிக்கல். மெல்லிய நிக்கல் தகடுகளைச் சீட்டுக்கட்டுபோல அடுக்கி, அதன்மேல் கம்பி சுற்றியிருப்பார்கள். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் நிக்கல் காந்தமாகும்; காந்தமானதும் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். நிறுத்தினால் பழையபடி நீளும். மற்றொன்று பீங்கான். சாப்பிடுகிற தட்டு செய்யும் பீங்கான் அல்ல. பேரியம் சேர்த்துச் சூளையில் சுட்ட வில்லை. இரண்டு முகத்திலும் வெள்ளி பூசியிருக்கும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் நேராகவே தடிக்கும், மெலியும். அதை அழுத்தினால் அதுவே மின்சாரம் கொடுக்கும். பாறைமேல் வைக்கிற கருவியைத் தலை என்போம். நிக்கல் தலை கனம், மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும், அதன் துடிப்பும் முரட்டுத் துடிப்பு. ஆனால் கீழே போட்டு மிதித்தாலும் வேலை செய்யும். பீங்கான் தலை கைக்குள் அடங்கும், கொஞ்சம் மின்சாரம் போதும், துடிப்பு நுணுக்கமாக இருக்கும். ஆனால் தட்டினால் உடையும், ஈரம் பட்டால் உளறும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் சமவெளியில் ஒரு ஆபீசில் தற்காலிக மெக்கானிக். கருவிகளைத் துடைப்பது, பெட்டியில் வைப்பது, பெட்டியிலிருந்து எடுப்பது, ஆபீசர் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது, இதுதான் வேலை. சொந்த ஊர் முள்ளுக்குறிச்சிப் பக்கம். பொழுது விடிந்து கண்ணைத் திறந்தால் கொல்லிமலைதான் எதிரே நிற்கும். ஆனாலும் அடிவாரத்துக்காரர்களான எங்களுக்கு மலைக்காரர்கள் என்றால் ஓர் இளக்காரம். பலாப்பழமும் மிளகும் கொண்டு வந்து விற்றுவிட்டு உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிப் போகிறவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று பேசிக்கொள்வோம். எங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரிலிருந்து வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது போகிற வழியில், ஒரு சரிவின் நடுவில், தனியாக ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. இரண்டு ஆள் உயரம், குறுக்கே ஏழெட்டுத் தப்படி இருக்கும். அதற்கு நேர் கீழே ஒரே ஒரு வீடு. புல் கூரை, மண் சுவர், பக்கத்தில் நாலு பலா, பலாவில் ஏறிய மிளகுக் கொடி. பாறை உள்ளேயும் முழுசாக இருந்தால் ரோடு அதற்கு மேற்புறமாக ஒதுங்கிப் போய்விடும்; பாறையும் இருக்கும், வீடும் இருக்கும். உள்ளே விரிசல் இருந்தால் மண் வெட்டும்போது உருண்டு வரும், ஆகவே வெடி வைத்து முதலிலேயே உடைத்துவிட வேண்டும். உடைத்தால் கல் எங்கே போகும்? நேராகக் கூரைமேல்தான். விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதைத் துடிப்பு அனுப்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எங்கள் ஆபீசரையும், ஆபீசருக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு என்னையும் அனுப்பினார்கள்.

ஆபீசரைப் பற்றி என்ன சொல்ல! வெளிநாட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஒரு வருஷத்தை ஊறுகாய் மாதிரி தினமும் கொஞ்சம் தொட்டுக்கொள்வார். கொல்லிமலைக்கு வருவதற்குக் கம்பளிக் கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தில் ஒரு மப்ளர், கையில் குடை. அவர் குடிப்பதற்குச் சுடவைத்த தண்ணீர் என்று இரண்டு கூஜாவை ஒரு ஆள் தனியாகச் சுமந்தான். அருவி அருவியாகத் தண்ணீர் கொட்டுகிற மலைக்கு ராசிபுரத்திலிருந்து தண்ணீர் கொண்டுபோன மகான் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஜீப்பு சோளக்காட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஜெனரேட்டரை எட்டுப் பேர் மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். "கேர்ஃபுல், கேர்ஃபுல்" என்று கத்திக்கொண்டே அவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார்.

அவருடைய தோல்பை என்னிடம் இருந்தது. வழியில் வாய் திறந்துகொண்டது. மூடப் போனபோது உள்ளே மூன்று பக்கம் டைப் அடித்த தாள் தெரிந்தது. படித்தேன். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். நிக்கல் தலையையும் பீங்கான் தலையையும் மலைப்பாறையில் ஒப்பிட்டுப் பார்த்த அறிக்கை அது. அளவுகளுக்கு மட்டும் இடம் வெறுமையாக விட்டிருந்தது. முடிவு முழுசாக இருந்தது: பீங்கானே எல்லா வகையிலும் மேல். நாங்கள் இன்னும் பாறையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! மனுஷன் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிள்ளைக்குப் பேர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மூடினேன். அன்றிலிருந்து அவர் சொல்வது எதையும் காதில் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

அந்த வீட்டில் ஒரு அக்கா இருந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் காப்பித் தோட்டத்துக் காவலுக்குப் போனவர், மாசத்துக்கு ஒருமுறை வந்து போவார். பெட்டிகளையும் ஜெனரேட்டரையும் வைக்க வேறு இடம் கிடையாது. அக்கா வீட்டில்தான் இறக்கினோம். பாறையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் எங்களை உட்கார வைத்துத் தேன் விட்டு ஆளுக்கு ஒரு கிண்ணம் தினைமாவு கொடுத்தார். ஆபீசர் அதைத் தொடவில்லை. வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

"ஏனுங்க தொரை, கல்லு நல்லா இருந்துச்சுன்னா ஊட்டை ஒண்ணும் பண்ண மாட்டீங்கள்ல?" என்று அக்கா கேட்டார்.

"வாட் டஸ் ஷி வாண்ட்?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். தமிழில் கேட்டதற்குத் தமிழ் தெரிந்த இந்த மனிதர் என்னிடம் இங்கிலீஷில் அர்த்தம் கேட்கிறார்.

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. கல்லு நல்லா இருந்தா ரோடு மேலாலயே போயிரும்" என்று நானே சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கும் சாமி. நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அசையலீங்க."

முதல் நாள் நிக்கல் தலையை வைத்துப் பார்த்தோம். பாறையின் ஒரு பக்கம் கிரீஸ் தடவி அனுப்புகிற தலை, எதிர்ப்பக்கம் வாங்குகிற தலை. துடிப்பு கல்லுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தால், அளவுக் கருவிப் பெட்டியின் திரையில் ஓடும் பச்சைக் கோடு ஓர் இடத்தில் குதிக்கும். நடுவில் விரிசல் இருந்தால் அதில் இருக்கிற காற்று துடிப்பைத் தடுத்துவிடும், கோடு குதிக்காது. இவ்வளவுதான் வித்தை. ஜெனரேட்டர் அலறியது, நிக்கல் தலை கொதித்தது, ஈரத்துணி போட்டுப் போட்டு ஆற்றினேன். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் கோடு துள்ளித் துள்ளிக் குதித்தது. மேலே, கீழே, மூலைக்கு மூலை எங்கே வைத்தாலும் குதித்தது. பாறை முழுசு என்று அதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்? அக்கா வாசலில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கிச் சரியாக இருக்கிறது என்று சைகை காட்டினேன்.

ஆபீசருக்கு முகம் செத்துவிட்டது. "நிக்கல் ஒரு முரடு. அதோட சத்தம் சின்ன விரிசலைச் சுத்திக்கிட்டு வந்துடும். ஃபைன் க்ராக் இருந்தா அதுக்குத் தெரியாது. பீங்கான் வைக்கலாம்" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பீங்கானை எடுத்தோம். அதற்குள் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, இறங்கிவிட்டது. கொல்லிமலை மஞ்சு தெரியுமே, நின்றுகொண்டிருக்கும்போதே சட்டையைப் பிழியலாம். பீங்கான் தலைகள் இரண்டும் ஈரம் ஏறிப்போய், கோடு ஒருசமயம் குதிக்கிறது, ஒருசமயம் சும்மா கிடக்கிறது, ஒருசமயம் கண்டபடி ஆடுகிறது. "நாளைக் காலை பார்ப்போம். நல்லா உலர்த்தி வை" என்று சொல்லிவிட்டு அவர் குடையைப் பிடித்துக்கொண்டு சோளக்காட்டுக்குத் திரும்பினார். அங்கே ஒரு கட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டிகளுக்குக் காவலாக நான் அந்த வீட்டிலேயே தங்கினேன்.

அந்த மலையில் மஞ்சு மாதங்களில் எதுவும் தானாகக் காயாது. உப்பு தண்ணீராகிவிடும், தீப்பெட்டி நமத்துவிடும், புகையிலை பூத்துவிடும். அதற்காக வீட்டுக்கு வீடு அடுப்போரம் ஒரு மண்சட்டி இருக்கும். அடியில் நெருப்போடு சுடுசாம்பலைக் கொட்டி, காய வேண்டியதை இலையில் சுற்றி அதன்மேல் வைத்து, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு கலகலவென்று உதிரும். நான் பீங்கான் தலைகளைத் துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"என்னுங்க சாமி அது?"

"பீங்கானுங்கக்கா. ஈரம் ஏறிக்கிச்சு, காய மாட்டேங்குது."

"ஈரந்தானுங்க? இங்க குடுங்க. உப்பையே காய வெக்கறோம், இதைக் காய வெக்க முடியாதாக்கும்!"

பீங்கான் தலைகள் வந்த பெட்டியின் மூடியில் உள்பக்கமாகச் சிவப்பு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சூடு காட்டக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. நான் படிக்காமல் இல்லை. நன்றாகப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். இது பீங்கான்தானே, சூளையில் வெந்து வந்த சாமான்தானே, சட்டிச் சாம்பலுக்கா பயப்படும் என்று நினைத்தேன். சீட்டு ஒட்டிய வெள்ளைக்காரனும் நம் ஆபீசர் மாதிரி கூஜாத் தண்ணீர் ஆசாமியாக இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தலைகளையும் அக்கா கையில் கொடுத்தேன். அவர் குழந்தையை வாங்குவதுபோல வாங்கி, புது வாழை இலையில் சுற்றி, உப்பை வெளியே எடுத்துவிட்டு அவற்றை உள்ளே வைத்து மூடினார்.

இப்போது சொல்கிறேன் அந்த இன்னொரு குணத்தை. அந்தப் பீங்கான் சூளையிலிருந்து வெளியே வரும்போது வெறும் ஓட்டுச்சில். அதற்குப் பிறகுதான் பெரிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, இந்தத் திசையில் தடி, இந்தத் திசையில் மெலி என்று அதைப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கம்தான் அதன் உயிர். தண்ணீர் கொதிக்கிற சூட்டைக் கொஞ்சம் தாண்டினாலே போதும், பழகியதை எல்லாம் மறந்துவிடும். பார்க்க அப்படியே இருக்கும். வெள்ளிப் பூச்சு பளபளக்கும், ஒரு கீறல் இருக்காது. ஆனால் மறுபடியும் ஓட்டுச்சில். நிக்கலுக்கு அந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இதெல்லாம் நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது என் ஆபீசர் ஒரு முட்டாள் என்பது மட்டும்தான்.

காலையில் அக்கா இரண்டு தலைகளையும் சாம்பல்கூட ஒட்டாமல் துடைத்துக் கொடுத்தார். "பாருங்க, பொரிஞ்ச அப்பளமாட்டக் காஞ்சுபோச்சு" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் பெருமையாகத்தான் வாங்கினேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பாறையில் வைப்பதற்கு முன்னால் இரண்டு தலைகளையும் நேருக்கு நேர் ஒட்டிப் பிடித்து, கோடு குதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலைகள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. மஞ்சு விலகின பிறகு ஆபீசர் வந்தார். மத்தியானத்துக்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் நடையிலேயே தெரிந்தது.

"ஃபேஸ் டு ஃபேஸ் பார்த்தியா?"

"நேத்தே பார்த்தேன் சார்."

"தென் ஓகே."

நேற்றுப் பார்த்தது மெய்தான். ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு சட்டிச் சாம்பல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்னொரு முறை ஒட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பீடி பற்றவைக்கிற நேரம். அவரே வேண்டாம் என்கிறார், எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

பாறையில் வைத்தோம். கோடு அசையவில்லை. இடம் மாற்றினோம். அசையவில்லை. கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. ஆபீசருக்கு வந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! மப்ளரை அவிழ்த்துவிட்டுக் கையைக் கையால் தேய்த்துக்கொண்டார். "பார்த்தியா? ஐ டோல்ட் யூ! நிக்கல் எல்லாம் சுத்திக்கிட்டு வந்திருக்கு. ஃபைன் சிக்னல் உள்ளே போக முடியலை. பாறை பூராவும் விரிசல். இதைத்தான் பீங்கான் கண்டுபிடிக்கும், நிக்கலுக்கு வராது." அளவுகளுக்கு விட்டிருந்த வெற்றிடங்களை அந்த இடத்திலேயே பேனாவால் நிரப்பினார். எல்லாக் கட்டத்திலும் சைபர். பாறை முழுக்க ஒரே ஓர் இடத்தில்கூடவா துடிப்பு போகாது, அப்படி ஒரு பாறை ஒரு நாள் நிற்குமா, அது மணல் மூட்டையாகத்தானே இருக்க வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்பான். அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அக்கா மெதுவாக ஏறி வந்தார். "என்னுங்க சாமி சொல்லுது?"

நான் கிரீஸைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். ஆபீசரே முதல்தடவையாக அவரிடம் தமிழில் பேசினார். "கல்லு உள்ளே உடைஞ்சிருக்கும்மா. வெடி வெச்சு எடுக்கணும். வீட்டைக் காலி பண்ணிடுங்க." சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் அப்புறம் வரட்டும் என்று என்னிடம் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் இரண்டு பீங்கான் தலைகளையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை. திருப்பிப் பிடித்தேன், கம்பியை மாற்றினேன், அழுத்தினேன். ஒன்றுமில்லை. நடுவில் பாறையே இல்லை, தலையோடு தலை ஒட்டியிருக்கிறது, அப்போதும் ஒன்றுமில்லை. பெட்டி மூடியில் அந்தச் சிவப்புச் சீட்டு. செத்த தலைகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாறையை உடைந்தது என்று சொல்லியிருக்கிறோம். கொன்றது நான்.

சோளக்காட்டுக்கு நாலு மைல். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். வழியெல்லாம் வாக்கியம் கட்டினேன். 'சார், பீங்கான் தலை வேலை செய்யவில்லை, நிக்கல் சொன்னதே சரி.' இதைச் சொன்னால் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார். 'ஈரம் சார்.' ஈரமென்றால் காய வைத்துக் காட்டு என்பார். கடைசியில் சாம்பல் சட்டியில்தான் வந்து நிற்கும். கப்பலில் வந்த சாமானை உப்புச் சட்டியில் போட்டு வறுத்தவன் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும், சொல்லிவிடுவது என்று சோளக்காட்டுச் சந்தை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் உறுதியாகத்தான் இருந்தேன்.

ஆபீசர் ஜீப்பில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"குட் வொர்க். தலைகளை நல்லா உலர்த்தியிருந்தே. உன்னைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லி எழுதப் போறேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால் "தேங்க் யூ சார்" என்றேன். ஜீப்பில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் ஒரு சுளை கொடுத்தார், அதையும் தின்றேன். இத்தனை வருஷம் அவரை நான் திட்டாத திட்டில்லை. முடிவை முன்னாலேயே எழுதி வைத்த மனுஷன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அவரைவிட நான் எந்த விதத்தில் உசத்தி? த்தூ!

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஜெனரேட்டரை எடுத்து வர என்னை மட்டும் அனுப்பினார்கள். வேலை உறுதியான கடிதம் அதற்குள் வந்துவிட்டது. வெடி வைத்து முடித்திருந்தார்கள். சரிவு வெறிச்சென்று கிடந்தது. வீடு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் கல். பலாவில் ஒன்று மட்டும் பாதி முறிந்து நின்றது. ஜெனரேட்டரை முன்கூட்டியே தூரமாக ஒரு மேட்டில் தூக்கி வைத்துக் கூரையிலிருந்து உருவின புல்லால் மூடியிருந்தார்கள். கல் உடைக்கிற கூட்டம் அங்கே உட்கார்ந்து ரோட்டுக்கு ஜல்லி அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய மேஸ்திரி ஒரு பெரிய துண்டைக் காலால் புரட்டி எனக்குக் காட்டினார்.

"மிசின் வெச்சுப் பாத்தது நீங்கதானுங்களே? முன்னமே விரிஞ்ச கல்லுன்னா உள்ளார மண்ணு எறங்கிச் செவந்து கெடக்குமுங்க. இது பூரா பச்சைக்கல்லு, அழுக்கே படாத கல்லு. வெடிக்கு நாப்பது குழி அடிச்சோம், ஒரு குழியில கூட உளிச் சத்தம் மாறலீங்க. யாருங்க இதை விரிசல்னு சொன்னது?"

எனக்கு ஜெனரேட்டருக்கு ஆள் பிடிக்கிற அவசரம் வந்துவிட்டது. ஆளைத் தேடுகிறவன்போல நகர்ந்தேன். நகர்ந்த பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். சொந்தக்காரர் ஒருத்தர் மாட்டுக்கொட்டகையில் ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார் என்று மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். தினமும் வந்து கல்லுக்கடியில் பாத்திரம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பாராம். கையில் நசுங்கின ஒரு சொம்பு இருந்தது. மேஸ்திரி பேசினதை அவரும் கேட்டிருக்கிறார். கீழே குனிந்து ஒரு சில்லை எடுத்தார். வெட்டின தேங்காய்ப் பத்தைபோலச் சுத்தமாக இருந்தது.

"மேஸ்திரி என்னமோ சொல்றாரு சாமி. எனக்கும் கண்ணுக்குத் தெரியலீங்க. இதுல விரிசல் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். வீடுதான் போய்விட்டது, வேலைதான் கிடைத்துவிட்டது, சொல்வதால் எனக்கு இனி எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. ஒரு வெறும் உண்மை, அதுகூட என்னால் கொடுக்க முடியவில்லை.

"அது ரொம்ப நுணுக்கமான விரிசலுங்கக்கா. கண்ணுக்குத் தெரியாது. மிசினுக்குத்தான் தெரியும்" என்றேன்.

அக்கா சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்படிங்களா! அது தெரியாம நான் அந்தத் தொரையை மனசார வைஞ்சுபோட்டனுங்க. பொண்டாட்டி புள்ளை நல்லா இருப்பாங்களான்னு மண்ணை வாரித் தூத்திப்போட்டேன். பாவம், நம்ம மேல கல்லு உழுந்துரக் கூடாதுன்னுதான சொல்லியிருக்கறாரு. நான் வைஞ்சதெல்லாம் வாபஸ் வாங்கிக்கிட்டேன்னு அவருகிட்ட சொல்லிப்போடுங்க சாமி."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஜெனரேட்டரைத் தூக்கச் சொன்னேன்.